பெடியன்ர குரல் உடையுது எண்டு கேட்ட டீச்சருக்கு

டீச்சர், 14 வயசுப் பெடியனுக்குக் குரல் உடைஞ்சு பொம்பிளைப் பிள்ளையளோட 5½ கட்டை எண்ட உயர்ந்த சுருதியில பாட ஏலாமல் நிக்கிறான், நல்லூர் அரங்குக்கு ரெண்டு கிழமைதான் கிடக்கு எண்டு எழுதியிருந்தீங்கள். தயவுசெய்து அவனை நிப்பாட்டிப்போடாதேங்கோ, பாவம். மேல் ஸ்தாயியை எட்டச்சொல்லி நெருக்கவும் வேண்டாம், தொண்டை நொந்துபோம். குழுப்பாட்டில தாளம் போடவிட்டு, தனியா ஒரு சின்னக் கீர்த்தனையை 1 கட்டையோ 1½ கட்டையோ, அவனுக்குச் சுகமா வாற தாழ்ந்த சுருதியில குடுங்கோ. முக்கியமா மிருதங்கக்காரருக்கு இப்பவே சொல்லிவிடுங்கோ, ஏனெண்டால் 5½க்குச் சேர்த்ததை மேடையில வச்சு 1 கட்டைக்கு மாத்தேலாது, வேற மிருதங்கம் கொண்டுவரவேணும், வயலினுக்கும் திருப்பிச் சுருதி சேர்க்க நேரம் வேணும், அதால அவன்ர பாட்டை இடைவேளை முடிஞ்ச உடன வையுங்கோ. அதுவரைக்கும் வீட்டில கத்தாமல் மெதுவா அகாரம், அதாவது 'ஆ' எண்டு இழுத்துப் பாடுறதை, பழகட்டும்.