இஞ்சின் சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்

தம்பி, இந்த நாட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது, அதிகம் ஓட்டாத 250 சிசி மோட்டோகிராஸ் வண்டி, அதாவது மண் தடப் பந்தய பைக் ஒன்று விலைக்கு வருகிறது, நான்கு ஸ்ட்ரோக், மொத்தமே 20 மணி நேரம்தான் ஓடியதாம், விற்பவரும் தமிழர், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே எந்த கம்பெனி நல்லது, அதிலேயே வேலைக்குப் போய்வரலாமா என்றும் இரண்டு கேள்வி. படித்தவுடன் எனக்கு வலது முழங்கால் வலித்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வேலைக்குப் போக முடியாது. அதற்கு முகப்பு விளக்கு இல்லை, இண்டிகேட்டர் இல்லை, பின்னால் பார்க்கக் கண்ணாடியும் இல்லை. பந்தயத் தடத்துக்கென்றே செய்த வண்டி. அநேகமாக எந்த நாட்டிலும் அப்படியே சாலையில் இறக்க விடமாட்டார்கள். தடத்துக்குக் கொண்டுபோகவே வேனோ டிரெய்லரோ வேண்டும். ஹோண்டாவா யமஹாவா கேடிஎம்மா என்ற சண்டைக்கு நான் வரவில்லை, ஆளை விடுங்கள்.

அந்த 20 மணி நேரத்துக்கு வருவோம். நாம் கிலோமீட்டர் பார்த்துப் பழகியவர்கள். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியையும் துடைத்து ஓட்டிய பரம்பரை. அதனால் 20 மணி நேரம் என்றதும் புது வண்டி என்றே மனம் கணக்குப் போடும். மோட்டோகிராஸில் கணக்கு வேறு. 250 நான்கு ஸ்ட்ரோக் இஞ்சின் நிமிடத்துக்கு 13,000 சுற்றுக்கு மேல் சுற்றும். உள்ளே இருக்கும் ஆயில் சுமார் ஒரு லிட்டர்தான். பந்தயம் ஓட்டுகிறவர்கள் பிஸ்டனை மாற்றுவதையே மணிக்கணக்கில்தான் சொல்வார்கள். ஆயில் மாற்றாமல், ஏர் ஃபில்டர் கழுவாமல் 20 மணி நேரம் ஓட்டியிருந்தால் அது கிழவன். இன்னொன்று: மணி காட்டும் மீட்டர் பல வண்டிகளில் பிறகு வாங்கி ஒட்டியது. பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதியதை ஒட்ட ஐந்து நிமிடம் போதும்.

நான் வந்த மூன்றாம் மாதம் இதேபோல் ஒன்று வாங்கினேன். விற்றவர் நம் ஆள். போனவுடன் தேநீர் கொடுத்தார், எந்த ஊர் என்று கேட்டார், வண்டியை உதைத்தார், ஒரே உதையில் பிடித்தது. "நீங்க வர்றீங்கன்னு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சேன்" என்றார். அதை உபசாரம் என்று எடுத்துக்கொண்டேன், பாருங்கள்! மறுநாள் காலை குளிர்ந்த இஞ்சினை அறுபது தடவைக்கு மேல் உதைத்தேன். முழங்கால் போனது அன்றுதான்.

அதனால்தான் சொல்கிறேன், போனவுடன் சைலன்சர் குழாய் இஞ்சினிலிருந்து கிளம்பும் இடத்துக்கருகில் கையைக் கொண்டுபோங்கள். சூடு அடித்தால் பேச்சே வேண்டாம், "நாளைக்கு வருகிறேன், தொடாமல் வையுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வால்வு தேய்ந்த இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் அடம் பிடிக்கும். இந்த வகை இஞ்சின் பலவற்றில் டைட்டானியம் வால்வுகள்; மேல்பூச்சு தேய்ந்துவிட்டால் வால்வு தான் உட்காரும் இருக்கைக்குள் அமிழ்ந்துகொண்டே போகும், வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி குறையும். ஷிம் என்ற சின்னத் தகட்டை மாற்றி ஒருமுறை சமாளிக்கலாம். மறுபடி மறுபடி குறைந்தால் இஞ்சின் தலையை, அதாவது வால்வுகள் இருக்கும் மேல் பாகத்தைப் பிரிக்க வேண்டியதுதான்.

அப்புறம் ஏர் ஃபில்டரைக் கழற்றச் சொல்லுங்கள். அதற்குப் பின்னால் இஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாய்க்குள் விரலை விட்டுத் தடவினால் மண் ஒட்டக் கூடாது. ஒட்டினால் அந்த மண்ணை இஞ்சினும் தின்றிருக்கிறது. என் வண்டியில் விரல் நுனி பழுப்பாக வந்தது. வாங்கிய பிறகுதான் பார்த்தேன், என்ன பயன்?

பளபளக்கும் பிளாஸ்டிக்கையும் புது ஸ்டிக்கரையும் பார்த்து மயங்காதீர்கள். ஒரு மாலையில் மாற்றிவிடலாம். பூட்ஸ் உரசும் இடத்தில் ஃப்ரேமும் இஞ்சின் மூடியும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன, கால் வைக்கும் பெக்கின் பற்கள் மழுங்கிவிட்டனவா, செயின் ஓடும் பின் ஸ்ப்ராக்கெட்டின் பல் கொக்கிபோல் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிப் பின் சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் பின் சஸ்பென்ஷனை இணைக்கும் லிங்கேஜ் பேரிங் போயிருக்கிறது. 20 மணி நேரத்தில் இவையெல்லாம் ஆகாது.

ஃப்ரேம் எண்ணைக் கட்டாயம் பாருங்கள். ஹேண்டில் கழுத்தருகே பொறித்திருக்கும். சாலைக்குப் பதிவு செய்யாத வண்டி என்பதால் திருடனுக்கு வசதி. எண்ணைச் சுரண்டியிருந்தால், காகிதத்தோடு ஒத்துப்போகாவிட்டால், விற்பவர் தேநீர் கொடுத்தாலும் குடிக்காமல் கிளம்புங்கள்.

நம் ஆட்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. வெள்ளைக்காரன் விற்றால் ரசீது கேட்போம், எண்ணைப் பார்ப்போம், பேரம் பேசுவோம். தமிழ் பேசிவிட்டால் போதும், கேட்பதே அநாகரிகம் ஆகிவிடும். இருபது வருடம் இங்கே இருந்தவர்களும் அப்படித்தான் ஏமாறுகிறார்கள். பிறகு "இந்த நாடே சரியில்லை" என்று புலம்புவார்கள். நாடு என்ன செய்தது, பாவம்?

நான் புலம்பவில்லை. புலம்பினாலும் கேட்க ஆள் இல்லை என்பது வேறு. ஐந்து பேர் இருந்த வாடகை வீட்டில் இஞ்சின் தலையைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். பெட்ரோல் நாற்றம் தாங்காமல் ஒருவன் சமையலறையில் போய்ப் படுத்தான். பக்கத்து வீட்டுக் கிழவர் பழைய பந்தயக்காரர். 1997இல் லாஸ் வேகஸ் சூப்பர்கிராஸில், அதாவது ஸ்டேடியத்துக்குள் மண் தடம் போட்டு நடத்தும் பந்தயத்தில், அமெரிக்க வீரர் டக் ஹென்றி யமஹாவின் நான்கு ஸ்ட்ரோக்கில் ஜெயித்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். அன்றைக்குப் பிடித்த சனியன் இந்த நான்கு ஸ்ட்ரோக், இரண்டு ஸ்ட்ரோக் என்றால் பிஸ்டன் மாற்ற ஒரு மத்தியானம் போதும் என்பார். எனக்கு அவர் பேச்சில் பாதி புரியாது. வால்வு இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜைக் கையில் கொடுத்து, தகடு எவ்வளவு இறுக்கமாக நகர வேண்டும் என்பதை என் விரலைப் பிடித்து இழுத்துக் காட்டினார். மொழியையே நான் அந்தத் திண்ணையில்தான் கற்றேன், பாதி கெட்ட வார்த்தையோடு.

அந்தக் கேஜை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுக்கப் போனபோது வீடு பூட்டியிருந்தது. நீங்கள் வண்டி பார்க்கப் போகும் நாளைச் சொல்லுங்கள், வேலை இல்லாவிட்டால் நானும் வருகிறேன். காலையில் போவோம், குளிர் இருக்கும்போதே.