லேமினேஷன் வேண்டாம், தக்கலை நண்பரே

தாத்தா பெட்டியில் கிடைத்த 1950களின் ஆங்கில அறிவியல் புனைகதைப் பேப்பர்பேக்குகளை ஈரம் தாக்காமலிருக்க, அட்டையை லேமினேட் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். பிறகு உரித்தால் ஓவியமும் கூடவே வந்துவிடும். நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. சுவரை ஒட்டாத அலமாரியில், மேல்பக்கம் திறந்த, கண்ணாடி போன்ற பாலியஸ்டர் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். வெயிலில் காயப்போடாதீர்கள், நிறம் வெளுத்துவிடும்.

அப்புறம், பாலன்டைன் என்ற அமெரிக்கப் பதிப்பகத்தின் வெளியீடுகள் இருந்தால் அட்டையை நிதானமாகப் பாருங்கள். அவற்றில் நிறைய ஓவியர் ரிச்சர்ட் பவர்ஸ் வரைந்தவை. கதைக் காட்சியை அப்படியே வரைகிறவர் இல்லை அவர். கல்லா உயிரா என்று சொல்ல முடியாத உருவங்கள், முடிவில்லாத வெளி. கனவு போன்ற காட்சிகளை வரையும் சர்ரியலிச பாணியை மலிவு விலைப் புத்தக அட்டைக்குக் கொண்டுவந்த பெரிய கலைஞன். மூலையில் அவர் கையெழுத்து இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.