அலுவலகத்தில் ராசிப் பொருத்தம்

அன்புள்ள ஐயா,

ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஏழு மாதங்களுக்கு முன் என்னையும் இன்னொருவரையும் ஒரே திட்டத்துக்குச் சமப் பொறுப்பில் போட்டார்கள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே அனுபவம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையும் வாடிக்கையாளருக்கு ஓர் அறிக்கை போக வேண்டும். எண்களை அவர் தருவார், விளக்கத்தை நான் எழுதுவேன். இதுவரை மூன்று முறை பெரிய சண்டை வந்துவிட்டது. முதல் முறை, நான் எழுதி முடித்த பிறகு இரவோடு இரவாக எண்களை மாற்றிவிட்டார். என் விளக்கம் ஒன்றைச் சொன்னது, அட்டவணை வேறொன்றைச் சொன்னது. இரண்டாம் முறை, அவருடைய அட்டவணையில் தேவையில்லை என்று பட்ட இரண்டு வரிகளை நான் எடுத்துவிட்டேன். எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். மூன்றாம் முறை, எது கடைசிப் பிரதி என்று தெரியாமல் பழையது போய்விட்டது. பழி என் மேல் விழுந்தது.

வீட்டில் சொன்னேன். ஜாதகத்தைப் பார்த்துவிடலாம் என்றார்கள். அவருடைய பிறந்த தேதி அலுவலகப் பட்டியலில் இருந்தது, வருடத்தைப் பேச்சுவாக்கில் கேட்டுக்கொண்டேன். நேரம் தெரியாது. நான் மகம், சிம்ம ராசி. அவர் திருவோணம், மகர ராசி என்றார் ஜோதிடர். ஆறுக்கு எட்டு, அதாவது ஒருவர் ராசிக்கு மற்றவர் ராசி ஆறாவதாகவும் எட்டாவதாகவும் வருகிற சஷ்டாஷ்டக தோஷம், ராசி அதிபதிகள் சூரியனும் சனியும் பகை, கணமும் (தேவ, மனித, ராட்சச என்ற பிரிவு) சேரவில்லை, இருவரும் சேர்ந்து செய்கிற காரியம் விளங்காது என்று சொல்லிவிட்டார். அவருடைய குணத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: பிடிவாதக்காரர், மனதில் இருப்பதைச் சட்டென்று சொல்லமாட்டார், தன் உழைப்புக்கு மதிப்பில்லை என்ற குறை உள்ளவர். அச்சு அசலாக அவரேதான். அதற்குப் பிறகு வேலையைத் தாண்டி அவரோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டேன்.

மேலாளரிடம் வேறு ஏதாவது காரணம் சொல்லி, வேறு குழுவுக்கு மாற்றல் கேட்கலாம் என்று இருக்கிறேன். உடன் வேலை செய்பவர்களுக்கும் இந்தப் பொருத்தம் செல்லுமா? பரிகாரம் ஏதாவது உண்டா?

(பெயர் வெளியிட வேண்டாம்)


அன்புள்ள நண்பருக்கு,

மாற்றல் கேட்காதீர்கள், இப்போதைக்காவது. ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதில் உங்களைவிட அதிகம் பாதிக்கப்படப் போகிறவர் அந்த இன்னொருவர்தான்.

முதலில் நீங்கள் கேட்ட கேள்வி. நான் ஜோதிடத்தை நம்புகிறவன் இல்லை. ஆனால் நீங்கள் நம்புகிறீர்கள், ஆகவே அதன் விதிகளுக்குள் நின்றே பார்ப்போம். உங்களுக்குப் பார்க்கப்பட்டது திருமணப் பொருத்தம். தினம், கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசி அதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதை என்கிற பத்தும் ஓர் ஆணும் பெண்ணும் குடும்பம் நடத்துவதை மனதில் வைத்து வகுக்கப்பட்டவை. மகேந்திரம் பிள்ளைப்பேற்றுக்கு, யோனி தாம்பத்தியத்துக்கு, ரஜ்ஜு மாங்கல்ய பலத்துக்கு. இரண்டு ஆண்கள் வாரம் ஒருமுறை ஓர் அறிக்கை அனுப்புவதற்கு இவற்றில் எது பதில் சொல்லும்?

தினப் பொருத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெண் நட்சத்திரத்திலிருந்து ஆண் நட்சத்திரம் வரை எண்ண வேண்டும் என்பது விதி. மகத்திலிருந்து திருவோணம் வரை எண்ணினால் 13 வரும், அது பொருத்தம் உண்டு என்ற கணக்கில் சேரும். திருவோணத்திலிருந்து மகம் வரை எண்ணினால் 16 வரும், அதற்குப் பொருத்தம் இல்லை. உங்கள் இருவரில் யாரைப் பெண்ணின் இடத்தில் வைத்து ஜோதிடர் எண்ணினார்? எப்படி வைத்திருந்தாலும் அது அவர் இஷ்டம்தான், சாஸ்திரத்தில் அதற்கு விதி கிடையாது. அதே மகமும் திருவோணமும் ஒரே ரஜ்ஜுவில் விழுந்து தட்டவில்லை (மகம் பாதம், திருவோணம் கழுத்து), ஒன்றுக்கொன்று ஆகாத நட்சத்திரங்கள் என்கிற வேதை இல்லை, மகத்தின் எலி யோனிக்கும் திருவோணத்தின் குரங்கு யோனிக்கும் பகை இல்லை. இவையெல்லாம் உங்கள் கடிதத்தில் வரவே இல்லை. ஜோதிடர் சொல்லவில்லையா, சொன்னது உங்கள் காதில் நிற்கவில்லையா என்று எனக்குத் தெரியாது. சண்டைக்குப் பிறகு போய் உட்காருகிற மனம் சண்டைக்கான காரணத்தை மட்டும்தான் பொறுக்கிக்கொள்ளும்.

கூட்டுத் தொழிலுக்கு ஜாதகம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அவர்கள் நட்சத்திரத்தோடு நிற்பதில்லை. லக்னத்திலிருந்து (பிறந்த நேரத்தில் கிழக்கில் உதிக்கிற ராசி) ஏழாம் இடம், பத்தாம் இடம், பதினொன்றாம் இடம், இருவருக்கும் நடக்கிற தசை, அதாவது ஒரு கிரகம் ஆள்கிற காலம் என்று போவார்கள். இது எல்லாவற்றுக்கும் பிறந்த நேரம் வேண்டும். லக்னம் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறிவிடும். திருவோணத்தில் பிறந்தவருக்கு முதலில் நடப்பது பத்து வருட சந்திர தசை. பிறந்த நேரத்தில் ஒரு மணி நேரம் பிசகினாலே தசை இருப்பு (பிறக்கும்போது அதில் மிச்சம் இருக்கிற காலம்) ஏறக்குறைய ஐந்து மாதம் தள்ளிப்போகும். நட்சத்திரமே கூட உறுதியில்லை. ஒரு நட்சத்திரத்தைச் சந்திரன் கடக்க ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. அது நள்ளிரவில் ஆரம்பித்து நள்ளிரவில் முடிவதில்லை. அந்தத் தேதியிலேயே கொஞ்ச நேரம் திருவோணத்துக்கு முந்தைய உத்திராடமோ அடுத்த அவிட்டமோ இருந்திருக்கலாம். அவர் அவிட்டம் என்றால் அவரும் உங்களைப் போலவே ராட்சச கணம், கணப் பொருத்தம் சரியாகிவிடும். நேரம் தெரியாமல் இவ்வளவு அழுத்தமாக ஒரு தீர்ப்பைச் சொல்ல ஜோதிடத்தின் விதிகளே இடம் கொடுப்பதில்லை.

அப்புறம் அந்த ஆறு-எட்டு. சிம்மத்துக்கு ஆறாவது மகரம், எட்டாவது மீனம். பன்னிரண்டு ராசிகளில் இரண்டு. அதாவது நீங்கள் சந்திக்கிற மனிதர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவரோடு உங்களுக்கு சஷ்டாஷ்டகம் இருக்கும். மீனத்தை, அதன் அதிபதி குரு உங்கள் அதிபதி சூரியனுக்கு நட்பு என்று விலக்கி வைத்தாலும் பன்னிரண்டில் ஒருவர் மிஞ்சுகிறார். உங்களுக்கு இதுவரை வாய்த்த ஆசிரியர்கள், நண்பர்கள், மேலதிகாரிகள் எல்லோரையும் நினைத்துப் பாருங்கள். அவர்களில் எத்தனையோ மகர ராசிக்காரர்கள் இருந்திருப்பார்கள். அவர்களுடைய ராசியைக் கேட்கத் தோன்றவில்லை, ஏனென்றால் அவர்களோடு சண்டை வரவில்லை.

இப்போது என் பக்கம். பொருத்தம் என்ற எண்ணத்தையே சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. டேவிட் வோவாஸ் என்ற சமூகவியலாளர், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2001-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து சுமார் ஒரு கோடி தம்பதிகளின் பிறந்த தேதிகளை ஆராய்ந்தார். படிவத்தை நிரப்பும்போது நேர்ந்த சிறு தவறுகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால், எந்த ராசிக்காரர் எந்த ராசிக்காரரோடும் கூடுதலாகவோ குறைவாகவோ சேர்ந்திருக்கவில்லை. அது மேற்கத்திய சூரிய ராசி, நம்முடையது சந்திர ராசி, ஆகவே நமக்குப் பொருந்தாது என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். நம்முடைய ஜாதக முறையை வைத்து 2008-இல் வானியலாளர் ஜயந்த் நார்லிகரும் அவருடன் சேர்ந்தவர்களும் மகாராஷ்டிரத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். நன்றாகப் படிக்கிற நூறு குழந்தைகள், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள நூறு குழந்தைகள், இவர்களின் ஜாதகங்களைக் கலந்து ஒவ்வொரு ஜோதிடருக்கும் நாற்பது கொடுத்து, எது எந்த வகை என்று கேட்டார்கள். 27 பேர் விடை அனுப்பினார்கள். சரியாக இருந்தவை 46 சதவீதம். ஒரு நாணயத்தைச் சுண்டிவிட்டாலே பாதி சரியாக வந்திருக்கும். இத்தனை பெரிய வித்தியாசமே ஜாதகத்தில் தெரியவில்லை என்றால், உங்கள் இருவருக்கும் நடுவே இருக்கிற சின்ன மனஸ்தாபம் மட்டும் அதில் தெரியும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஆனால் அந்தத் தாள் அச்சு அசலாக அவரைச் சொல்கிறதே என்கிறீர்கள். பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு ஒன்றை வைத்து, முடிவு என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்டபோது சராசரி 4.26 வந்தது. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே வாசகம்தான், அதன் பெரும்பகுதி கடையில் விற்கிற ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. 1949-இல் வெளியான கட்டுரை அது. உங்களுக்குக் கொடுத்த மூன்று வாக்கியங்களை எடுத்து, 'அவர்' என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போட்டு ஒருமுறை வாசியுங்கள். பிடிவாதம்: அட்டவணையில் இரண்டு வரிகளைக் கேட்காமல் எடுத்தது நீங்கள். மனதில் இருப்பதைச் சொல்லாதது: ஏழு மாதக் கோபத்தை அவரைத் தவிர எல்லோரிடமும் சொல்லியிருக்கிறீர்கள். உழைப்புக்கு மதிப்பில்லை என்ற குறை: உங்கள் கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது. இதைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அந்தத் தாள் என்னையும்தான் சொல்கிறது.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையாகவே நிறுத்தியது இன்னொரு விஷயம். மூன்று சண்டைகளை எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் வியாழக்கிழமை மாலைக்கும் வெள்ளிக்கிழமை காலைக்கும் இடையில் நடந்தவை. மூன்றும் ஒரே கோப்பைப் பற்றியவை. அவர் பொய் சொன்னார் என்றோ, உங்களை ஏமாற்றினார் என்றோ, வேலையைத் தட்டிக்கழித்தார் என்றோ ஒரு வரிகூட இல்லை. சனிக்கும் சூரியனுக்கும் பகை என்றால் திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் ஏன் சண்டை வரவில்லை? அந்த நாட்களில் அவரவர் வேலையை அவரவர் செய்கிறீர்கள், அதனால் வரவில்லை. வியாழன் மாலையில் ஒரே கோப்பில் இரண்டு கை விழுகிறது, கடைசி வார்த்தை யாருடையது என்று யாரும் சொல்லவில்லை. சமப் பொறுப்பு என்று அறிவித்துவிட்டுப் போன மேலாளர் விட்டுப்போன ஓட்டை அது. அங்கே இரண்டு மகம் நட்சத்திரக்காரர்களை உட்கார வைத்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

இரவில் அவர் எண்களை மாற்றினார் என்கிறீர்கள். ஏன் மாற்றினார் என்று கேட்டீர்களா? அவருக்கே எண்கள் வேறு எங்கிருந்தோ தாமதமாக வந்திருக்கலாம். தவறான எண் போகக் கூடாது என்று இரவு உட்கார்ந்து திருத்தியிருக்கலாம். அப்படியானால் உங்களை எழுப்பிச் சொல்லியிருக்க வேண்டும், அது அவர் தவறு. ஆனால் அது பேசித் திருத்தக்கூடிய தவறு.

நீங்கள் மேலாளரிடம் போய் வேறு காரணம் சொல்லி மாற்றல் வாங்கினால் என்ன ஆகும்? உங்களுக்குப் புதிய குழு கிடைக்கும். அவருக்கோ, 'இவரோடு ஒத்துப்போவது கஷ்டம்' என்ற பேச்சு சத்தமில்லாமல் ஒட்டிக்கொள்ளும். அடுத்த பதவி உயர்வில் யாரோ அதை நினைவு வைத்திருப்பார்கள். தாமதமாக வேலை கொடுத்தார் என்று ஒருவர் மேல் புகார் சொன்னால், அவர் காரணம் சொல்லலாம், மன்னிப்புக் கேட்கலாம், மாற்றிக்கொள்ளலாம். திருவோணத்தில் பிறந்தார் என்பதற்கு அவர் என்ன பதில் சொல்ல முடியும்? தன்மேல் அப்படி ஒரு வழக்கு நடந்ததே அவருக்குத் தெரியாது. ஜாதகம் பார்த்து ஆளெடுக்கிற, ஆளைக் கழிக்கிற முதலாளிகள் மேல் எனக்கு இருக்கிற கோபமும் இதுதான். ஒரு மனிதர் தன் வேலையால் மதிப்பிடப்பட வேண்டும். பிறந்த நேரத்துக்கு அவர் பொறுப்பாளி இல்லை. அவரிடம் சொல்லாமல் அவர் பிறந்த தேதியை எடுத்துப் போய்ப் பார்த்ததும் சரியில்லை. நீங்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்று நம்புகிறேன். ஆனாலும் இனி வேண்டாம்.

ஜோதிடர் சொன்னது இப்போது பலிக்க ஆரம்பித்திருப்பதையும் கவனியுங்கள். அவரோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டேன் என்கிறீர்கள். ஒரே கோப்பில் வேலை செய்கிற இருவர் பேசாமல் இருந்தால் நான்காவது சண்டை வந்தே தீரும். வந்ததும், பார்த்தாயா, சஷ்டாஷ்டகம் என்பீர்கள்.

பரிகாரம் கேட்டீர்கள். அடுத்த வியாழன் வருவதற்கு முன், வேலை நெருக்கடி இல்லாத ஒரு நாளில் அவரோடு அரை மணி நேரம் உட்காருங்கள். பழைய மூன்று சண்டைகளில் யார் பக்கம் நியாயம் என்ற பேச்சை எடுக்காதீர்கள், அது முடியாது. இதை மட்டும் பேசுங்கள்: வியாழன் எத்தனை மணிக்கு எண்கள் இறுதியாகும்? அதற்குப் பிறகு எண் மாறினால் எப்படித் தெரிவிப்பது, தொலைபேசியிலா, செய்தியிலா? அடுத்தவர் பகுதியில் கை வைக்க வேண்டி வந்தால் கேட்டுவிட்டு வைப்பதா, குறிப்பு மட்டும் எழுதுவதா? அனுப்பும் பொத்தானை அழுத்துவது யார்? கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒரு வாரம் அவர், ஒரு வாரம் நீங்கள் என்று வைத்துக்கொண்டாலும் சரி, ஒருவரே எப்போதும் என்றாலும் சரி, அது ஒரே ஆளாக இருக்க வேண்டும். முடிவானதை இரண்டு வரியில் எழுதி மேலாளருக்கும் அனுப்பிவிடுங்கள், அவர் விட்ட ஓட்டை அவருக்கும் தெரியட்டும்.

ஜாதகம் பார்த்ததை அவரிடம் சொல்ல வேண்டுமா என்று உங்களுக்குத் தோன்றலாம். வேண்டாம். உங்கள் மனப்பாரம் குறையும், அவருக்கு அது வலியாகப் போய்ச் சேரும். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

இரண்டு மூன்று மாதம் இப்படிச் செய்து பார்த்தும் சரிவரவில்லை என்றால் மாற்றல் கேளுங்கள், அதில் தவறே இல்லை. நல்லவர்களான இருவருக்குக்கூட வேலை செய்கிற விதம் ஒத்துப்போகாமல் இருப்பதுண்டு. ஆனால் அப்போது உண்மையான காரணத்தையே சொல்லுங்கள், மேலாளரிடம் போவதற்கு முன் அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

அன்புடன்.