பத்தியோர்: சட்டை செயப்பாடு, ஆள் செய்வினை

கேள்வி: 'பத்தியோர்' என்ற இலத்தீன் வினை '-ஓர்' என்று முடிகிறதே, 'வருத்தப்படுத்தப்படுகிறேன்' என்றுதானே பொருள்?

பதில்: இல்லை. 'படுகிறேன், பொறுக்கிறேன்', அவ்வளவுதான். பத்தியோர், பத்தீ, பஸ்ஸுஸ் சும் (படுகிறேன், பட, பட்டேன்) என்று மனப்பாடம் செய்யுங்கள். செயப்பாட்டு விகுதியை மாட்டிக்கொண்டு செய்வினைப் பொருள் தரும் டெபோனென்ட் கூட்டத்தைச் சேர்ந்தது. சாதாரண வினையில் இறந்தகால எச்சம் செயப்பாடு: 'கப்துஸ்' என்றால் பிடிக்கப்பட்டவன். 'பஸ்ஸுஸ்' அப்படியில்லை, பட்டவன். ரோமக் கவிஞர் வெர்ஜில் 'ஈனெய்ட்' காவியத்தின் ஐந்தாம் அடியிலேயே நாயகனை 'முல்த்தா பஸ்ஸுஸ்', நிறையப் பட்டவன், என்று சொல்லிவிடுகிறார்; அங்கே 'படுத்தப்பட்டவன்' என்று மொழிபெயர்த்தால் 'முல்த்தா' என்ற செயப்படுபொருள் அந்தரத்தில் தொங்கும். ஒன்றே ஒன்று, 'பத்தியெந்துஸ்' மட்டும் நிஜமாகவே செயப்பாடு: பொறுக்கப்பட வேண்டியது.

கேள்வி: அகராதியில் 'அனுமதி' என்றும் இருக்கிறதே?

பதில்: 'அவன் அங்கே போக நான் பொறுக்கமாட்டேன்' என்கிறோமே, அதே வழிதான். போகிற ஆள் இரண்டாம் வேற்றுமையில் வருவார், கூடவே ஒரு இன்ஃபினிடிவ், அதாவது 'போக' மாதிரியான வினை வடிவம்.

கேள்வி: 'பஸ்ஸீஸ் க்ரீனிபுஸ்', துன்பப்பட்ட கூந்தலா?

பதில்: விரித்த கூந்தல். அது 'பந்தோ' (விரிக்கிறேன்) என்ற வேறு வினை; அதன் எச்சமும் 'பஸ்ஸுஸ்'தான். எச்சத்தை மட்டும் பார்த்து வினையை ஊகிக்காதீர்கள்.

கேள்வி: கிரேக்க 'பாதோஸ்' (துன்பம்) இதே வேர்தானே?

பதில்: இல்லை. கிரேக்கச் சொல்லின் 'ப' பழைய 'க்வ' ஒலியிலிருந்து வந்தது, இலத்தீனில் இருப்பது அசல் 'ப'. பொருளும் ஒலியும் ஒத்துப்போனது தற்செயல்.

கேள்வி: இரண்டும் 'பத்' என்றுதானே ஆரம்பிக்கிறது? அப்படிப் பார்த்தால் நம் 'படு'வும் இதுதான்!

பதில்: ஆரம்ப எழுத்தை வைத்து உறவு கொண்டாடினால் 'பட்டாணி'யையும் சேர்க்க வேண்டியதுதான். ஆனால் பொருளளவில் 'படு' நல்ல ஜோடி, கிறிஸ்தவ விசுவாசப் பிரமாணத்தில் 'பஸ்ஸுஸ்' வரும் இடத்தில் தமிழில் 'பாடுபட்டு' என்றுதான் சொல்கிறோம். வித்தியாசம் என்னவென்றால், தமிழ் 'படு' துணைவினையாகி 'செய்யப்பட்டது' என்று செயப்பாட்டையே உருவாக்கப் போய்விட்டது, பத்தியோர் அந்த வேலைக்குப் போகவில்லை.

கேள்வி: அப்போ பத்தியோர் செயப்பாட்டுவினையா இல்லையா?

பதில்: முதல் பதில்.

கேள்வி: 'பொறு' என்று ஏவ?

பதில்: 'பத்தெரெ', குறில். 'பத்தேரெ' என்று நீட்டினால் 'திறந்திருக்க' என்று அர்த்தம், வேறு வினை. ரோமன் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், குறிப்பேட்டில் தமிழில் எழுதி வையுங்கள்.