800 மீட்டருக்கு இருபது நாட்கள் (கடிதம்)

வணக்கம் சார்,

நான் 10ஆம் வகுப்பு மாணவன். போன வருடம் வரை 100, 200 மீட்டர்தான் ஓடினேன். இந்த முறை ஆள் இல்லை என்று 800 மீட்டருக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். போட்டிக்கு இன்னும் 20 நாட்கள்தான் இருக்கின்றன. படிப்பு போக ஒரு நாளைக்கு 40 நிமிடம் கிடைக்கும். ஒரு வாரமாகத் தினமும் முழு வேகத்தில் 800 ஓடிப் பார்க்கிறேன், நண்பன் ஸ்டாப்வாட்ச் பிடிக்கிறான். முதல் நாள் 2 நிமிடம் 42 விநாடி, நேற்று 2:45. முதல் சுற்று (400 மீட்டர்) 68 விநாடியில் வந்துவிடுகிறது. 500 மீட்டர் தாண்டியதும் கால் கல்லாகிவிடுகிறது. 2:30க்குள் வர முடியுமா? ஜிம்முக்குப் போகலாமா? ஓடுவதற்கு முன் குளுக்கோஸ் குடித்தால் உதவுமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தத் தினசரிப் பரீட்சையை நிறுத்து. நீ செய்துகொண்டிருப்பது பயிற்சி இல்லை, தினம் ஒரு போட்டி. 2:42 எப்படி 2:45 ஆனது? உன் உடம்பு மோசமாகிவிடவில்லை, முந்தின நாள் களைப்பு இறங்குவதற்குள் மறுபடி ஓடுகிறாய், அவ்வளவுதான்.

இருபது நாட்களில் எது மாறும், எது மாறாது என்பதைத் தெரிந்துகொள். இதயமும் தசைகளும் நீண்ட ஓட்டத்துக்கு நன்றாகப் பழக மாதக்கணக்கில் ஆகும். அதை இப்போது துரத்தாதே. கடைசி ஒரு வாரம், பத்து நாட்களில் செய்யும் கடும் பயிற்சியின் பலன் போட்டி நாளுக்குள் உடம்பில் வந்து சேராது, அதன் களைப்பு மட்டும் வந்து சேரும். ஆக, உருப்படியாக உழைக்க உனக்கு இருப்பது பத்துப் பன்னிரண்டு நாட்கள்தான். அதற்குள் நிச்சயமாகக் கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்று, உன் வேகம் எது என்று கால்களுக்குத் தெரியவைப்பது. உன் கடிதத்தில் இருக்கும் ஒரே பிரச்சினையும் அதுதான்.

கணக்கைப் பார். மொத்தம் 162 விநாடி, முதல் சுற்று 68 என்றால் இரண்டாவது சுற்று 94. இரண்டுக்கும் 26 விநாடி வித்தியாசம்! 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கென்யாவின் டேவிட் ருடிஷா 1:40.91 ஓடி உலக சாதனை செய்தபோது முதல் சுற்று 49.28, இரண்டாவது 51.63. இரண்டரை விநாடிகூட வித்தியாசம் இல்லை. நீ 100 மீட்டர் ஓடிப் பழகியவன், விசில் ஊதியதும் பாய்வது பழக்கமாகிவிட்டது. 800 மீட்டருக்கு வேண்டிய ஆற்றலில் பாதிக்கு மேல் ஆக்சிஜனைக் கொண்டுதான் தயாராகிறது. ஆனால் அந்த ஏற்பாடு முழு அளவில் இயங்க அரை நிமிடத்துக்கு மேலாகும். அதுவரை நீ பாய்ந்தால் தசை வேறு வழியில் ஆற்றலைக் கறந்து கொடுக்கும், கூடவே தசைக்குள் அமிலத்தன்மை ஏறும். 500 மீட்டரில் கால் கல்லாவதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். (லாக்டிக் அமிலம்தான் வில்லன் என்று மைதானத்தில் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் அது உடம்பில் இருப்பது லாக்டேட் என்ற வடிவில், அதை உடம்பு எரிபொருளாகத் திரும்பப் பயன்படுத்திக்கொள்கிறது. பாவம், அதன் மேல் பழி.)

சரி, முதல் சுற்றை 75 விநாடியில் முடி. இரண்டாவது 79 ஆனாலும் மொத்தம் 2:34 வந்துவிடும். இதற்குப் புதிதாக ஒரு சொட்டு பலம்கூட வேண்டாம், இருப்பதைச் சரியாகப் பிரித்தால் போதும். 2:30 பற்றி நான் வாக்குத் தரமாட்டேன். அது இந்த முறை வந்தால் அதிர்ஷ்டம்.

இதற்கான பயிற்சி ரொம்ப எளிமையானது, கொஞ்சம் சலிப்பும் தரும். வாரத்துக்கு இரண்டு நாள் 200 மீட்டரை ஆறு முறை ஓடு. ஒவ்வொன்றும் 38 விநாடி, நடுவில் ஒன்றரை நிமிடம் நடை. நண்பன் கடிகாரம் பிடிக்கட்டும், ஆனால் முடித்ததும் எத்தனை விநாடி என்று நீ முதலில் சொல்ல வேண்டும், அப்புறம்தான் அவன் சொல்ல வேண்டும். 35இல் வந்தால் பெருமைப்படாதே, 41 எவ்வளவு தப்போ 35 அவ்வளவு தப்பு. முதல் நாள் உன் கணிப்பு ஏகத்துக்கு விலகும். நாலாவது நாள் ஒரு விநாடிக்குள் சொல்ல ஆரம்பித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வாரத்தின் மற்ற நாட்களில் இரண்டு மூன்று நாள், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 20, 25 நிமிடம். அது முடிந்ததும் 80 மீட்டர் அளவுக்கு நாலு ஓட்டம், வேகமாக, ஆனால் உடம்பைத் தளர்வாக வைத்துக்கொண்டு. கடும் பயிற்சிக்கு முன் பத்து நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்க மறக்காதே. போட்டிக்கு எட்டு ஒன்பது நாள் முன்னால் ஒரே ஒரு முறை 600 மீட்டரை 1:54இல் ஓடிப் பார். அத்தோடு நிறுத்திக்கொள், மீதி 200 மீட்டர் போட்டி நாளுக்கு.

ஜிம் வேண்டாம். பழக்கமில்லாத எடையைத் தூக்கினால் தொடை வலிதான் மிஞ்சும். குளுக்கோஸும் தேவையில்லை, இரண்டரை நிமிட ஓட்டத்துக்கு வேண்டியது ஏற்கெனவே தசையில் இருக்கிறது. இரண்டு மூன்று மணி நேரம் முன்பு வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடு. புது ஷூவை அன்றைக்கு முதல் முறையாகப் போடாதே. ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட்டு வீட்டில் சொல், டாக்டரைப் பார்த்த பிறகு ஓடலாம்.

கடைசி வாரம் ஓய்வெடுக்கச் சொன்னால் உனக்குப் பயம் வரும். இங்கிலாந்து ஓட்டக்காரர் ரோஜர் பானிஸ்டருக்கும் உன்னைப் போல நேரம் கிடையாது. மருத்துவ மாணவர், மதிய இடைவேளையில்தான் பயிற்சி. கால் மைல் (சுமார் 400 மீட்டர்) வீதம் பத்து முறை ஓடுவார். 1954 ஏப்ரலில் ஒவ்வொரு கால் மைலின் நேரமும் 61 விநாடிக்குக் கீழே இறங்க மறுத்தது. இன்னும் கடுமையாக ஓடவில்லை அவர். நண்பருடன் ஸ்காட்லாந்தில் மலையேறப் போய்விட்டார். திரும்பி வந்து ஓடினால் 59! மே 6ஆம் தேதி ஒரு மைலை 3:59.4இல் முடித்து, நாலு நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதரானார். நீ மலையேற வேண்டாம். கடைசி ஐந்து நாட்களில் இரண்டு மெதுவோட்டமும், ஒரு நாள் 200 மீட்டர் இரண்டு முறையும் போதும்.

போட்டி அன்று முதல் 200 மீட்டரில் எல்லோரும் உன்னைத் தாண்டிப் போவார்கள். போகட்டும். வேடிக்கை பார்க்கிறவர்கள் உன் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள், அதையும் காதில் வாங்காதே. 1972 மியூனிக் ஒலிம்பிக் 800 மீட்டர் இறுதிப்போட்டியில் அமெரிக்காவின் டேவ் வாட்டில் தொப்பி போட்டுக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் ஓடினார். கடைசியில் 0.03 விநாடியில் தங்கம் அவருக்கு. பார்த்தவர்களுக்கு அவர் கடைசியில் பறந்த மாதிரி இருந்தது. ஆனால் நாலு 200 மீட்டரையும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில், 26, 27 விநாடியில்தான் ஓடியிருந்தார். மற்றவர்கள்தான் தளர்ந்தார்கள்.

வளைவில் யாரையும் முந்தாதே. முறையான ட்ராக்கில் ஒரு வளைவு முழுக்க இரண்டாவது லேனில் ஓடினால் ஏறக்குறைய 4 மீட்டர் கூடுதல். நேர்ப்பாதை வரும்வரை பொறு. நீ கவனிக்க வேண்டிய இடம் 400இலிருந்து 600 வரை. அங்கேதான் மனசு எங்கேயோ போய், தெரியாமலே வேகம் குறையும். முதல் சுற்று முடிந்து மணி அடித்ததும் கையை வேகமாக வீச ஆரம்பி, கால் பின்னாலேயே வரும். கடைசி 100 மீட்டரைப் பற்றி உனக்கு நான் சொல்லித்தர எதுவும் இல்லை, அது நீ ஏற்கெனவே ஓடுகிற பந்தயம்.

போட்டி முடிந்ததும் எழுது. எத்தனையாவது வந்தாய் என்பதோடு, இரண்டு சுற்றின் நேரத்தையும் தனித்தனியாக எழுது.