பட்டன் தேயாத டயர் உரிந்தது ஏன்?

வணக்கம். அரிசோனா நெடுஞ்சாலையில் உங்கள் நான்கு டயர் பயண டிரெய்லரின் (காரின் பின்னால் இழுத்துச் செல்லும், தங்கும் வசதியுள்ள வண்டி) வலப்பக்க டயர்களில் ஒன்று, பட்டன் (சாலையில் படும் ரப்பர்க் கட்டைகள்) பாதிகூடத் தேயாத நிலையில், மேல்பட்டை மட்டும் தனியே உரிந்து வந்ததாக எழுதியிருந்தீர்கள். ஆண்டில் பெரும்பகுதி நிறுத்தியே வைக்கப்படும் வண்டியில் டயர் தேய்வதற்கு முன்பே மூப்படைந்துவிடுகிறது. ரப்பர் இறுகி, உள்ளிருக்கும் எஃகுப் பட்டைகளுடன் அதற்குள்ள பிடி தளர்ந்த பிறகு, குறைந்த காற்றும் கூடுதல் பாரமும் கிளப்பும் சூட்டில் அது பிரிந்துவிடும். டயரின் பக்கச்சுவரில் ‘டாட்’ (DOT) என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள்: 2318 என்றிருந்தால் அது 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. (முழுக் குறியீடு உட்பக்கம் இருந்தால் வண்டிக்கு அடியில் படுத்துத்தான் படிக்க வேண்டும்.) மற்ற மூன்றும் அதே வயதுடையவை என்றால், ஒன்றை மட்டும் மாற்றுவதை நான் ஏற்கமாட்டேன், அதிலும், உரிந்த டயரின் பாரத்தையும் சேர்த்துச் சுமந்த பக்கத்து டயரை இனி நம்பாதீர்கள்.