பாக்கெட் டார்ச்: ஆயிரம் லூமனா, ஒற்றை ஏஏ செல்லா?

கேள்வி: எப்போதும் பையில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன டார்ச் வாங்க வேண்டும். இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று கட்டைவிரல் அளவுதான். 500 எம்ஏஹெச் கொள்ளளவுள்ள பேட்டரி உள்ளேயே இருக்கிறது, யுஎஸ்பியில் சார்ஜ் செய்யலாம், பெட்டியில் ‘1000 லூமன், 40 மணி நேரம்’ என்று போட்டிருக்கிறது. லூமன் என்பது வெளிச்சத்தின் அளவாம். இன்னொன்று ஒற்றை ஏஏ செல் டார்ச். கொஞ்சம் நீளம், 150 லூமன்தான். 14500 என்ற செல்லும் போடலாமாம், அப்போது 500 லூமன் வருமாம். சாவித் துவாரம் தேட, இரவில் நடக்க, கரண்ட் போனால் எடுக்க, இவ்வளவுதான் என் தேவை. எதை வாங்குவது?

பதில்: ஏஏ டார்ச்சை வாங்குங்கள். ஏன் என்பதற்கு முன்னால் அந்த ஆயிரம் லூமனை ஒரு கை பார்த்துவிடலாம். எனக்கு வரும் கேள்விகளில் பாதி அந்த எண்ணில் சிக்கிக்கொண்டுதான் வருகின்றன.

கணக்கு சின்னது. எல்இடி டார்ச் ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100 லூமன் கொடுக்கும். கொஞ்சம் கூடும், குறையும். பத்து மடங்கு மாறாது. அப்படியானால் ஆயிரம் லூமனுக்குப் பத்து வாட் வேண்டும். நீங்கள் சொல்லும் 500 எம்ஏஹெச் பேட்டரியில் இருப்பதோ இரண்டு வாட்-மணிக்கும் குறைவு, அதாவது இரண்டு வாட்டை ஒரு மணி நேரம்கூடக் கொடுக்காது. முழு வெளிச்சத்தில் எரித்தால் பதினோரு நிமிடத்தில் காலி. நாற்பது மணி நேரம் இழுக்க வேண்டுமென்றால் நான்கைந்து லூமனில்தான் எரிய வேண்டும். பெட்டியில் உள்ள இரண்டு எண்ணும் தனித்தனியாக உண்மையாகவே இருக்கலாம். பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்ததில்தான் பித்தலாட்டம்.

அந்தப் பதினோரு நிமிடமும் கிடைக்காது. கட்டைவிரல் அளவு உலோகம் அவ்வளவு சூட்டை வெளியே தள்ளாது. ஒன்றிரண்டு நிமிடத்தில் டார்ச் தானாகவே வெளிச்சத்தை இறக்கிவிடும். இறக்காத டார்ச் என்றால் கையில் பிடிக்க முடியாது.

இதற்கெல்லாம் தரநிலை கிடையாதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2009இல் அமெரிக்காவில் வந்த எஃப்எல்1 தரநிலையைத்தான் உலகம் முழுக்கப் பெட்டிகளில் பார்க்கிறோம். டார்ச்சைப் போட்டு 30 விநாடி கழித்து வெளிச்சத்தை அளக்க வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை ஓடியதெல்லாம் ‘எரியும் நேரம்’. இதில் உள்ள ஓட்டையைப் பாருங்கள். ஆயிரத்தில் தொடங்கி, இரண்டாவது நிமிடத்தில் இருநூறுக்கு இறங்கி, அப்படியே ஒரு மணி நேரம் ஓடினாலும் ‘1000 லூமன், ஒரு மணி நேரம்’ என்று போட்டுக்கொள்ளலாம். விதிப்படி சுத்தம்! அந்த விதியும் கம்பெனி விரும்பினால் பின்பற்றுவதுதான். முத்திரையை அச்சடிக்க ஒரு அச்சகம் போதும். நிஜமாகவே அளந்தார்களா என்று பார்க்க ஒருவரும் வருவதில்லை. எத்தனையோ வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

150 லூமன் போதுமா என்ற உங்கள் பயத்துக்கு வருகிறேன். தாராளமாகப் போதும். கண்ணுக்கு வெளிச்சம் இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமென்றால் லூமன் ஏறக்குறைய நான்கு மடங்கு ஏற வேண்டும். 150க்கும் 500க்கும் பெட்டியில் உள்ள தூரம் கண்ணில் இல்லை. சாவித் துவாரத்துக்கு ஐந்து லூமன் போதும். நடக்க ஐம்பது. இருட்டுக்கு முழுதாகப் பழகக் கண்ணுக்கு இருபது முப்பது நிமிடம் ஆகும். நடு இரவில் எழுந்து ஆயிரம் லூமனைப் போட்டால் அத்தனையும் ஒரு நொடியில் போய்விடும். மேல் எண்ணைக் கேட்பதற்குப் பதில், குறைந்தபட்ச வெளிச்சம் எத்தனை என்று விற்பவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் அவருக்குத் தெரியாது.

ஏஏவின் பலம் செல்லை மாற்றலாம் என்பதுதான். உள்ளே அடைத்த பேட்டரி சில வருடத்தில் தளர்ந்துவிடும். அதோடு டார்ச்சும் குப்பைக்கு. அப்படி அடைத்து விற்பவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

அடுத்து 14500. இங்கேதான் ஆட்கள் டார்ச்சைக் கொளுத்திக்கொண்டு வருகிறார்கள், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஏஏவும் 14500ம் ஒரே உருவம்: 14 மில்லிமீட்டர் குறுக்களவு, 50 மில்லிமீட்டர் நீளம். ஆனால் சாதாரண ஏஏ 1.5 வோல்ட், சார்ஜ் செய்யும் நிக்கல் ஏஏ 1.2 வோல்ட். 14500 சார்ஜ் செய்யும் லித்தியம் செல், முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். ‘14500 போடலாம்’ என்று தயாரிப்பாளரே எழுதியிருந்தால் ஒழிய உள்ளே விடாதீர்கள். விற்பவர் வாயால் சொல்வது கணக்கில்லை. ‘லித்தியம்’ என்ற ஒரே பெயரில் மூன்று வகை விற்கிறார்கள் என்பது இன்னொரு தொல்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் 1.5 வோல்ட் ஏஏ ஒன்று. அதை சார்ஜரில் போடவே கூடாது. இரண்டாவது இந்த 14500. மூன்றாவது, சார்ஜும் ஏறும், உள்ளே ஒரு சின்னச் சுற்று வைத்து 1.5 வோல்ட்டாக இறக்கியும் தரும் ஏஏ. யுஎஸ்பி துளையோடுகூட வருகிறது. மூன்றும் கைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ‘லித்தியம் செல் கொடுங்கள்’ என்று கேட்டால் எது கையில் இருக்கிறதோ அதைத் தலையில் கட்டிவிடுவார்கள். பெயரை விடுங்கள், செல்லின் உடம்பில் எத்தனை வோல்ட் என்று படியுங்கள். எழுதவே இல்லையென்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இணையத்தில் செல் விற்கும் இடைத்தரகர்களிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 18650 என்ற பெரிய செல்லில் நல்ல கம்பெனி கொடுப்பதே 3500 எம்ஏஹெச் சுமாருக்குத்தான். ‘9900’ என்று அச்சடித்து விற்கிறார்கள். அசல் ஏறக்குறைய 45 கிராம் இருக்கும். ஒருமுறை என்னிடம் வந்த ஒன்று கையில் எடுத்தபோதே தக்கை மாதிரி இருந்தது. பழைய செல்லுக்குப் புது உறை மாட்டி விற்பது தனிப் பிழைப்பு. ‘10,000 லூமன் ஜூம் டார்ச்’ விற்பவரும் அநேகமாக அதே ஆள்தான். பத்தாயிரத்துக்கு 100 வாட் வேண்டும். பல லேப்டாப் சார்ஜர்களே 65 வாட்தான்.

உங்களுக்கு 14500 தேவையே இல்லை. நல்ல நிக்கல் ஏஏ செல் இரண்டு வாங்குங்கள், ஒன்று டார்ச்சில், ஒன்று சார்ஜரில். 150 லூமனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். நடக்கும் அளவு வெளிச்சத்தில் நாலைந்து மணி நேரம் வரும். மலிவான ஆல்கலைன் செல்லைப் போட்டு மாதக்கணக்கில் மறந்துவிடாதீர்கள். கசிந்து டார்ச்சோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு என்னைத் தேடி வருவீர்கள். எடுக்காமலே அலமாரியில் கிடக்கும் டார்ச்சுக்கு மட்டும் அந்த எறியும் 1.5 வோல்ட் லித்தியம் சரி.

பாக்கெட்டில் தானாக எரிந்துவிடாமல் இருக்க, போடுமுன் பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டு பட்டனை அழுத்திப் பாருங்கள். எரியக் கூடாது. எரிந்தால் இன்னும் கொஞ்சம் தளர்த்துங்கள்.